ஒன்றுகூடல் அமைப்பாளர்களே, சிம்கோ ஏரிக்கும் ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள்

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் வட்டாரத்து ஊர்ச் சங்கங்களின், பழைய மாணவர் சங்கங்களின் செயற்குழுவினருக்கு,

வணக்கம்.

கோடை ஒன்றுகூடலுக்கு இடம் பிடிக்கும் வேலை மாசியிலேயே தொடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். நானும் எங்கள் சங்கத்தின் செயற்குழுவில் இரண்டு வருடம் இருந்தவன். சாப்பாட்டுக்கு ஒரு பொறுப்பாளர், விளையாட்டுக்கு ஒருவர், ஒலிபெருக்கிக்கு ஒருவர், கூடாரம் கட்ட இரண்டு பேர். சங்கீதக் கதிரைக்கு யார் நடுவர் என்ற வாக்குவாதத்தில் ஒருமுறை கூட்டம் இரவு பதினொரு மணிவரை இழுபட்டது. இத்தனை பேரைப் போட்ட நாங்கள், ஏரிக்கரையில் நிகழ்ச்சியை வைத்துவிட்டு ஏரிக்கென்று ஒருவரையும் போட்டதில்லை. இந்த மடல் அதைப்பற்றித்தான்.

போன யூலையில் சிம்கோ ஏரிக்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள், நானும் அங்கே நின்றவன். ஒரு பக்கம் ஒடியற்கூழ் கொதிக்கிறது, இன்னொரு பக்கம் கயிறிழுத்தல். கரையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள், கையில் புதுத் தூண்டில்கள். சிலவற்றில் விலைச்சீட்டுக்கூட இன்னும் கழற்றப்படவில்லை. வெயில் ஏறிய நேரத்தில் பெரிய மீன் ஆழத்துக்குப் போய்விடும். கரையோரம் கிடைப்பது உள்ளங்கை அளவு சன்ஃபிஷும் விரல் நீளப் பேர்ச் குஞ்சும்தான். பிள்ளைகளுக்கு அது போதும். ஒவ்வொன்றும் வரும்போது ஒரு கூச்சல், ஒரு படம், பிறகு வாளிக்குள். வாளியில் அரைவாசித் தண்ணீர், மேலே சுடுவெயில். மூன்று மணிக்குப் பார்த்தால் எல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கின்றன. "இது வெறும் முள்ளு, ஆர் இதைத் துப்புரவாக்கிறது?" என்றார் ஒருவர். ஆறு மணிக்கு அந்த வாளி கறுப்புக் குப்பைப் பைக்குள் கவிழ்ந்தது, கடித்து மிச்சம்விட்ட ரோல்ஸுக்கும் காகிதத் தட்டுகளுக்கும் மேலே. நான் எண்ணினேன், முப்பத்தெட்டு மீன்.

ஒன்ராறியோவில் சாப்பிடக்கூடிய மீனைப் பிடித்துக் கெடவிடுவது சட்டப்படி குற்றம். அது அன்று எனக்குத் தெரியாது. சட்டம் தெரியாமலே அந்தப் பையைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. எங்களூரில் ஒரு மீனைக்கூட இப்படி எறிந்ததாக நினைவில்லை. தலை குழம்புக்கு, குடல் பூனைக்கு.

நாங்கள் போய் நிற்கும் இடம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 404 நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் எங்களில் பலருக்கு இந்த ஏரியைப் பற்றித் தெரியும். பரப்பு 722 சதுர கிலோமீற்றர். மேற்கே பாரிப் பக்கம் கெம்பன்ஃபெல்ட் குடாவில் ஆழம் 40 மீற்றரைத் தொடும்; தெற்கே கெசிக் பக்கத்துக் குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, பாசியும் களையும் நிறைந்தது. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் குடில் போட்டு, பனியில் ஓட்டை துளைத்து, பேர்ச்சும் வைட்ஃபிஷும் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். பனி மீன்பிடியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எங்கள் ஆட்களில் அதற்குப் போகிறவர்கள் விபரம் தெரிந்துதான் போகிறார்கள்.

ஏரியின் வடக்கு முனையில், ஒறிலியாவுக்குப் பக்கத்தில், சிம்கோவையும் கூச்சிச்சிங் ஏரியையும் இணைக்கும் ஒடுங்கிய நீர்வழி ஒன்று இருக்கிறது. அதன் அடியில் பழைய மரக்கம்புகள் நிற்கின்றன. மீன்களை வழிமறித்துப் பிடிக்க நட்டவை. மிகப் பழையவற்றுக்கு ஏறத்தாழ 5000 வயது. நட்டவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். வென்டாட் மக்கள் அவற்றைப் பயன்படுத்தினார்கள், பிறகு அனிஷினாபே மக்கள் அந்த இடத்தைக் காத்தார்கள். இன்று அது 'ம்ஞ்சிக்கனிங் மீன்வேலி' என்ற பெயரில் தேசிய வரலாற்றுச் சின்னம். இன்னொன்று கேளுங்கள். மோகாக் மொழியில் 'தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம்' என்று பொருள்படும் சொல்தான் 'ற்கறொன்ரோ'. அந்தப் பெயர் முதலில் இந்த மீன்வேலிக்குரியது. பிறகு தெற்கே நகர்ந்து நகர்ந்து நாங்கள் வாழும் நகரத்தின் பெயராகிவிட்டது. எங்கள் முகவரியின் கடைசி வரியில் அந்தக் கம்புகள் நிற்கின்றன.

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தால் போய்வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடனீரேரிக்குள் மீனை மறித்துப் பிடிக்க வரிசையாக நட்ட களங்கட்டிக் கம்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கம்பை எங்கே நடுவது, எந்த மீனை விடுவது, எந்த மாதத்தில் தொடாமல் இருப்பது என்பதற்கெல்லாம் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அதே ஆட்கள்தான் இங்கே வந்து வாளியைக் குப்பையில் கவிழ்க்கிறோம். ஊரில் கடல் எங்களுடையது, இங்கே ஏரி பார்க்கின் ஒரு பகுதி, ஊஞ்சல் மாதிரி. அப்படித்தான் எங்கள் மனதில் பதிந்துவிட்டது.

சரி, லைசன்ஸ் விஷயத்துக்கு வருவோம். எங்கள் ஒன்றுகூடல்களில் ஆகக் கூடுதலாகப் பிழை நடப்பது இதில்தான். கனடாவில் வசிப்பவர், 18 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவர் என்றால் தூண்டில் பிடிக்க லைசன்ஸ் வேண்டும். அதற்குக் குறைந்தவர்களுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் வேண்டாம். வயதைக் காட்டும் அரசாங்க அட்டை கையில் இருந்தால் சரி. இதைத்தான் எல்லாரும் அரைகுறையாகக் கேட்டுவைத்துக்கொண்டு, விசிற்றர் விசாவில் வந்த எழுபது வயது மாமாவின் கையிலும் தூண்டிலைக் கொடுக்கிறோம். அந்தச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து நிற்பவருக்கு எழுபது என்றாலும் எண்பது என்றாலும் லைசன்ஸ் எடுக்கவேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மனைவியின் தகப்பனார் தூண்டிலோடு நின்றபோது ஓர் அதிகாரி வந்து, மிகவும் மரியாதையாக, எனக்குச் சொல்லித்தந்தார். அந்த முறை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். மாமா அன்று முழுக்க ஒரு சொல் கதைக்கவில்லை. ஏதோ களவு செய்து பிடிபட்ட மாதிரி, காருக்குள் போய் இருந்துவிட்டார்.

வருடத்தில் நான்கு தடவை கனடா வாசிகள் லைசன்ஸ் இல்லாமல் மீன்பிடிக்கலாம்: குடும்ப நாள் வார இறுதி, அன்னையர் நாள் வார இறுதி, தந்தையர் நாள் வார இறுதி, அப்புறம் கனடா நாளை ஒட்டிவரும் ஒரு வாரம். கடைசியாகச் சொன்ன வாரத்தில் எங்கள் ஒன்றுகூடல்கள் எத்தனை நடக்கின்றன! திகதியை முன்பே பார்த்து அதற்குள் வைத்தால் பாதித் தலையிடி இல்லை. ஆனால் அந்த நாட்களிலும் அடையாள அட்டை வேண்டும். எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்பதற்கு லைசன்ஸில் இருக்கும் இரண்டு வகைகளில் சிறிய அளவுதான் பொருந்தும். சிம்கோவில் மஞ்சள் பேர்ச் என்றால் பெரிய லைசன்ஸுக்கு 50, சிறியதற்கு 25. இருபத்தைந்து பேர்ச் ஒரு குடும்பத்துக்குப் போதாதென்றால் பிரச்சினை மீனில் இல்லை.

கரையில் நிற்பவருக்கு ஒரு தூண்டில்தான். இரண்டு மூன்றைக் கல்லுக்கிடையில் ஊன்றிவிட்டுச் சீட்டாடப் போகிற அண்ணன்மாரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

பாஸ் மீனைக் குறித்த காலத்தில் மட்டும்தான் பிடிக்கலாம். யூன் நடுப்பகுதிக்கு முன்னர் ஒன்றுகூடல் வைக்கும் சங்கங்கள் இதைக் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்தில் ஆண் பாஸ் கரையோரத்தில் வாலால் மணலை விலக்கி ஒரு வட்டம் செய்து, முட்டைக்குக் காவல் நிற்கும். என்ன கிட்டப் போனாலும் பாய்ந்து கவ்வும். பசியில் அல்ல, கோபத்தில். அதனால் பிடிப்பது சுலபம். அதைத் தூக்கிப் படமெடுக்கும் இரண்டு நிமிடத்துக்குள் சன்ஃபிஷும் கோபியும் வந்து முட்டையைத் தின்றுவிடும். காலம் திறக்கும் திகதியை வருடா வருடம் பார்க்கத்தான் வேண்டும், மாறும்.

கோபி என்றேன் அல்லவா, அதன் கதையையும் கேளுங்கள். வட்டக் கோபி கருங்கடல், காஸ்பியன் பக்கத்து மீன். கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றும் தண்ணீரோடு வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளுக்கு வந்தது. 2004இல் சிம்கோவுக்குள் விழும் பெஃபர்லோ ஓடையில் கண்டுபிடித்தார்கள். ஏரிக்குள் போகாமல் தடுக்க 2005இல் ஓடைக்கு நஞ்சு கலந்து, அதிலிருந்த மீனையெல்லாம் கொன்றுபார்த்தார்கள். பலிக்கவில்லை, 2006இல் ஏரிக்குள் இருந்தது. எங்கள் பிள்ளைகளின் வாளியிலும் இரண்டு மூன்று கோபி இருக்கும், பெரிய தலையும் தவளைக் கண்ணுமாக. உயிரோடு அதை வைத்திருக்கக்கூடாது. இரைக்காக வாங்கிய சின்ன மீனும் அதன் தண்ணீரும் மிஞ்சினால் ஏரியில் ஊற்றக்கூடாது. ஏரியிலிருந்து 30 மீற்றருக்குள் ஊற்றுவதே குற்றம். "பாவம், உயிரோடு விடுவம்" என்ற எங்கள் இரக்கம் இந்த இடத்தில் சரிவராது. இதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. மண்புழு போதும், பேர்ச்சுக்கு அதைவிடப் பிடித்தது இல்லை.

தூண்டில் நரம்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அன்று மாலை குப்பை பொறுக்கும்போது ஒரு கடற்காகம் கல்லின் மேல் ஒற்றைக் காலில் நின்றது. கிட்டப் போனேன், பறக்கவில்லை. மற்றக் காலில் நைலோன் நரம்பு சுற்றி, சதைக்குள் இறங்கி, கால் வீங்கிக் கறுத்திருந்தது. இறைச்சிப் பொதி வெட்டக் கொண்டுவந்த கத்தரிக்கோல்தான் கையில் இருந்தது. மருமகன் துவாயைப் போட்டு அமத்திப் பிடித்தான், நான் வெட்டினேன். ஆறு சுற்று. என் விரலையும் கொத்திவிட்டுத்தான் போனது. அந்த நரம்பு எங்கள் ஆட்களுடையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று காலை சிக்குப்பட்ட நரம்பை வெட்டி நானே புல்லில் போட்டது நினைவுக்கு வந்தது. ஈயக்குண்டும் அப்படித்தான். அடியில் கிடக்கும் குண்டைக் கல்லென்று விழுங்கும் லூன் பறவைக்கு ஈய நஞ்சேறிவிடும். ஒரு டொலர் நாணயத்தில் இருக்கிறதே, அதே பறவை.

இப்போது ஒருவர் கேட்பார்: "நாங்கள் மட்டுமா குப்பை போடுறம்? பக்கத்து மேசைக்காரன் பியர்ப் போத்தலைத் தண்ணிக்குள்ளேயே எறியிறான்." உண்மைதான். ஏரிக்கு நோய் வந்ததும் ஒன்றுகூடலால் இல்லை. பொசுபரசுதான் பெரிய நோய். ஹாலண்ட் மார்ஷில் கரட்டும் வெங்காயமும் விளையும் வயல்களிலிருந்து, வீட்டுப் புற்றரைகளிலிருந்து, நகரங்களின் மழைநீரிலிருந்து, கழிவுநீரிலிருந்து, காற்றில் வரும் தூசியிலிருந்துகூட அது ஏரிக்குள் போகிறது. அதைத் தின்று பாசி கொழுக்கிறது. செத்த பாசி அடியில் உக்கும்போது ஆழத்திலிருக்கும் ஒட்சிசனை இழுத்துக்கொள்கிறது. ஆழக் குளிர்நீரில் வாழும் ட்ரவுட் மீனின் குஞ்சு மூச்சில்லாமல் சாகிறது. பல பத்தாண்டுகளாகக் குஞ்சுகளை வளர்த்து ஏரியில் விட்டுத்தான் அந்த இனத்தைக் காப்பாற்றினார்கள். 2008இல் இந்த ஏரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2009இல் வந்த திட்டத்தில் பொசுபரசை ஆண்டுக்கு 44 தொன்னாகக் குறைப்பது இலக்கு. வீதிக்குப் போடும் உப்பு இப்போது இன்னொரு தொல்லை. ஸ்காபரோ விலை கட்டுப்படியாகாமல் பிராட்ஃபோர்ட், இன்னிஸ்ஃபில், பாரி என்று வடக்கே வீடு வாங்கிப் போன எங்கள் உறவுகளின் வாசல் உப்பும் புல்லுரமும் அந்த ஏரிக்குத்தான் போகின்றன. அவர்கள் விருந்தாளிகள் இல்லை, ஏரிக்காரர்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். 2007இல் சிம்கோ கரையிலும் ஒன்ராறியோவின் வேறு இடங்களிலும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆசிய வம்சாவளிக் கனடியர்களைச் சிலர் தண்ணீருக்குள் தள்ளினார்கள், அடித்தார்கள். அவர்களோடு வந்திருந்த நண்பர் ஒருவர் மூளையில் படுகாயமடைந்தார். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரித்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. 'அவர்கள் விதியை மீறிப் பிடிக்கிறார்கள்' என்ற பேச்சும் அப்போது கூடவே எழுந்தது. அது நியாயம் இல்லை. விதியை மீறினால் கேட்பதற்கு அதிகாரி இருக்கிறார். பெருந்தொற்றுக் காலத்தில் நகரத்துச் சனம் கூடிவிட்டது என்று கரையோர ஊர்கள் சில வாகனத் தரிப்பிடத்தை உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று ஒதுக்கின. அதில் எவ்வளவு கொரோனாப் பயம், எவ்வளவு எங்கள் முகத்தின் மீதான சலிப்பு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதனால் எங்களில் சிலர் "அந்தப் பக்கமே வேண்டாம், ஸ்காபரோப் பார்க்கிலேயே வைப்பம்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏரிக்கரை பொதுச்சொத்து, போகத்தான் வேண்டும். யாருக்கும் நல்ல பிள்ளை என்று காட்டுவதற்காகவும் நான் இதை எழுதவில்லை. விதியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போனாலும் முறைக்கிறவன் முறைப்பான். ஆனால் குப்பைப் பைக்குள் போன முப்பத்தெட்டு மீனுக்கு அவனுடைய முறைப்பு பதிலாகாது.

ஆகவே கேட்பது ஒன்றுதான். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், சாப்பாட்டுப் பொறுப்பாளருக்கு அடுத்த வரியில், ஏரிப் பொறுப்பாளர் என்று ஒரு பெயரை எழுதுங்கள். தலைவரையோ பொருளாளரையோ அல்ல, அவர்களுக்கு அன்று மூச்சுவிட நேரம் இராது. மீன்பிடியில் பைத்தியமான ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார், அவரைப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு முன்னர் வாட்ஸ்அப் குழுவில் யாருக்கு லைசன்ஸ் வேண்டும் என்பதை அவர் போடட்டும். தூண்டிலைக் காலை ஏழிலிருந்து பத்துவரை மட்டும் வைத்து, தேசிக்காய் ஓட்டம் தொடங்கும்போது சுருட்டிவிடச் சொல்லட்டும். வாளி அவருடைய காலடியில் இருக்கட்டும். ஐஸ் பெட்டிக்குள் எது போகும், எது திரும்ப ஏரிக்குள் போகும் என்பதை மீன் வந்த அந்த நிமிடமே அவர் சொல்லட்டும். கையை நனைத்துவிட்டு மீனைத் தொடவும், கொளுக்கியின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடவும் பிள்ளைகளுக்குக் காட்டினால், திரும்பப் போகிற மீன் உயிரோடு போகும். கூழுக்குப் பேர்ச் போடுவதென்றால் அங்கேயே வெட்டுங்கள், அருமையான மீன். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் தோலை முழுக்க உரிக்கவேண்டாம். என்ன மீன், எத்தனை என்று வழியில் மறிக்கும் அதிகாரிக்குத் தெரியவேண்டும். எந்த ஏரியில் எந்த மீனை, எந்த நீளத்தில், மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வைத்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சிறுவர்களுக்கும் தனிக் கணக்கு. வேறு மீனைத் தின்று வளர்ந்த பெரிய மீனில் பாதரசம் கூடுதலாக இருக்கும்.

உயிர்காப்பு அங்கியையும் அவரே பார்க்கட்டும். "சண்டைக்காலத்திலே கிளாலிக் கடலை இரவிலே கடந்து வந்த எனக்கு இந்தக் குளத்திலே பயமோ?" என்று கேட்கும் பெரியவர் எல்லாச் சங்கத்திலும் உண்டு. காற்று நிரப்பிய மிதவையில் பேரப்பிள்ளையை ஏற்றிவிடுகிறவரும் அவர்தான். கரையிலிருந்து காற்று அடித்தால் அந்த மிதவை ஐந்து நிமிடத்தில் கூப்பிடு தூரத்தைத் தாண்டிவிடும்.

முதல் வருடம் ஆள் கிடைக்காத சங்கம் என்னைக் கேட்கலாம். யூலையில் மூன்று சனிக்கிழமைகள் எனக்கு ஓய்வு. கத்தரிக்கோல், குறடு, அளவுகோல், நரம்பு போட ஒரு பழைய பால்மாப் பேணி எல்லாம் காரிலேயே இருக்கின்றன. மண்புழுவும் நான் கொண்டுவருகிறேன். காலை ஏழு மணிக்குக் கரையில் நிற்கவேண்டும், தமிழ் ஏழு மணி இல்லை.

இப்படிக்கு,
உங்களோடு கூழ் குடித்தவன்,
ஸ்காபரோ